கடல்நீர் சூடாவதும் மிதவையுயிரிகளின் வரவு செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஒரு டிகிரி சூடு ஏறினால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. "கடல் சூடானால் உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிடுமாமே" என்று அஞ்சுபவர்களும் உண்டு. இருவரும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் இங்கே கேள்வி கேள்வியாகப் பிரித்திருக்கிறேன்.

மிதவையுயிரி என்பது எது?

நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் வலு இல்லாமல், அது இழுத்த இழுப்புக்குப் போகிற உயிர்கள் எல்லாமே மிதவையுயிரிகள்தாம். உருவ அளவுக்கு இதில் இடமில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத புரோக்ளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் மிதவையுயிரி. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனும் மிதவையுயிரி. இவற்றில் வெயிலைக் கொண்டு சமைப்பவை தாவர மிதவையுயிரிகள். சமைத்ததை உண்பவை விலங்கு மிதவையுயிரிகள்: கோபிபாட் என்னும் துடுப்புக்காலிகள், இறால்போன்ற கிரில், மீன்குஞ்சுகள். மிச்சம் மீதியை உடைத்துத் தின்பவை பாக்டீரியாக்கள்.

உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில் நடக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பன் இவ்வழியே உயிர்ப்பொருளாகிறது. இதை வைத்து மிதவையுயிரிகளைக் "கடலின் நுரையீரல்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. நுரையீரல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உறுப்பு, தருவதில்லை. போதாததற்கு, கடலில் உண்டாகும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கடலில் இருக்கும் உயிர்களே சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன.

வளர்சிதை மாற்றம் என்றால் சுவாசம்தானே?

சுவாசம் அதன் செலவுப் பக்கம். உணவு ஆக்குவது, உண்பது, செரிப்பது, புரதம் கட்டுவது, பிளந்து இரண்டாவது, முட்டையிடுவது என உடலுக்குள் நடக்கும் எல்லா வேதிவேலைகளும் சேர்ந்ததுதான் வளர்சிதை மாற்றம். குடும்பக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒளிச்சேர்க்கையும் இரையும் வரவு, சுவாசம் செலவு, வளர்ச்சியும் முட்டையும் மிச்சம்.

வெப்பநிலைக்கு அதில் ஏன் இவ்வளவு பங்கு?

நம் உடல் சென்னையிலும் சிம்லாவிலும் 37 டிகிரிதான். மிதவையுயிரிக்கு அந்த வசதி இல்லை. நீர் 12 டிகிரி என்றால் அதன் உடலும் 12 டிகிரி, நீர் 29 என்றால் உடலும் 29. போர்த்திக்கொள்ளப் போர்வை கிடையாது, வியர்த்து ஆறவும் வழியில்லை. ஆகவே நீரின் வெப்பநிலை என்பது அதற்கு வெளியே நிலவும் பருவநிலை மட்டுமல்ல, உள்ளே அடுப்பின் தீயளவும் அதுவே.

சூடு ஏறினால் வேகம் எவ்வளவு கூடும்?

இட்லி மாவை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சித்திரையில் மாலை அரைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழியும். மார்கழியில் மறுநாள் பகலானாலும் அசையாது. மாவும் அதே, நுண்ணுயிரும் அதே. மாறியது நொதிகளின் வேகம்.

இதை எண்ணாக்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர்களான வான்ட் ஹாஃபும் அரீனியஸும். பத்து டிகிரி ஏறினால் ஒரு வேலை எத்தனை மடங்கு வேகமாகிறது என்ற விகிதத்தை உயிரியலில் "கியூ-10" என்பார்கள். பெரும்பாலான உயிர்வேலைகளுக்கு அது 2க்கும் 3க்கும் நடுவே இருக்கும். 1972இல் ரிச்சர்ட் எப்லி என்ற அமெரிக்க ஆய்வாளர், அதுவரை ஆய்வகங்களில் வளர்த்த தாவர மிதவையுயிரிகளின் அளவீடுகளையெல்லாம் ஒரே வரைபடத்தில் குவித்துப் பார்த்தார். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அவை எட்டக்கூடிய உச்ச வளர்ச்சிவேகத்தின் மேல் ஒரு கோடு இழுத்தபோது, பத்து டிகிரிக்கு 1.88 மடங்கு வந்தது. ஐம்பது ஆண்டு கடந்தும், கடலைக் கணினியில் கணித்துப் பார்க்கும் மாதிரிகளில் அந்தக் கோடு புழக்கத்தில் இருக்கிறது.

அது உச்ச வேகம் என்பதை மறக்கக்கூடாது. வெளிச்சமும் சத்தும் வயிறாரக் கிடைத்தால் எட்டக்கூடியது. கடலில் அப்படிக் கிடைக்கும் நாள்கள் குறைவு.

வேகமாக வளர்ந்தால் நல்லதுதானே? மீனுக்கும் இரை கூடுமே?

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான்.

சூடு ஏறும்போது வரவும் செலவும் ஒரே விகிதத்தில் ஏறினால் கவலையில்லை. அப்படி ஏறுவதில்லை. ஒளிச்சேர்க்கையின் முதல் படி, ஒளித்துகளைப் பச்சையம் பிடிப்பது. அதற்குச் சூடும் குளிரும் ஒன்றுதான். வெளிச்சம் குறைவாக உள்ள ஆழத்தில் நீரைச் சூடாக்கினாலும் வரவு பெரிதாக ஏறாது. சுவாசமோ முழுக்க முழுக்க நொதிகளின் வேலை. சூட்டுக்கு ஏற்ப அது ஏறியே தீரும்.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். நீர் 3 டிகிரி சூடாகிறது. எப்லியின் 1.88 மடங்கின்படி தாவர மிதவையுயிரியின் வளர்ச்சிவேகம், மற்றதெல்லாம் சரியாக இருந்தால், சுமார் 21 விழுக்காடு கூடும். அதை உண்ணும் கோபிபாடுக்கும் பாக்டீரியாவுக்கும் கியூ-10 இரண்டரை என்று வைத்துக்கொண்டால், அவற்றின் செலவு 32 விழுக்காடு கூடும். சம்பளம் இருபது ரூபாய் ஏறி, விலைவாசி முப்பது ரூபாய் ஏறிய வீட்டின் நிலைமை. 2006இல் லோபெஸ்-உர்ருதியாவும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கணக்கைக் கடல் முழுவதற்கும் போட்டு, கடல் சூடாகச் சூடாக அது பிடித்து வைக்கும் கார்பன் குறையும் என்று காட்டினார்கள். சத்துக் குறைந்த வெப்பக்கடல்களில் இன்றைக்கே வரவைவிடச் செலவு அதிகமா என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் சண்டை உண்டு. பாட்டிலில் அளந்தவர்கள் ஆம் என்றார்கள், கருவிகளை நீருக்குள் விட்டு அளந்தவர்கள் இல்லை என்றார்கள். எந்தப் பக்கம் சரியானாலும், செலவு வேகமாக ஏறும் என்ற அடிப்படை மாறவில்லை.

எந்த வெப்பநிலைக்கு மேல் தாங்காது?

இனத்துக்கு இனம் வேறுபடும். ஆனால் வரைபடத்தின் வடிவம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒரு பக்கம் கொடைக்கானல் மலைச்சாலைபோல மெல்ல மெல்ல ஏற்றம். உச்சி தாண்டியதும் மறுபக்கம் செங்குத்துப் பாறை. ஏற ஏற வேகம் கூடிக்கொண்டே வந்து, உச்சிக்கு அப்பால் சில டிகிரிகளில் புரதங்கள் உருக்குலைந்து, செல்சவ்வு ஒழுகத் தொடங்கி, வளர்ச்சி சுழியாகிவிடும்.

இதில் யாருக்கு ஆபத்து அதிகம்? துருவப் பக்கத்து உயிர்களுக்கு என்றுதான் தோன்றும். 2012இல் மிரிடுல் தாமஸும் குழுவினரும் ஏறத்தாழ இருநூறு வகைத் தாவர மிதவையுயிரிகளை ஒப்பிட்டபோது வேறு படம் கிடைத்தது. குளிர்க்கடல் உயிர்கள் தங்கள் உச்சிக்குப் பல டிகிரி கீழேதான் வாழ்கின்றன. ஏறுவதற்கு இடம் இருக்கிறது. வெப்பமண்டலத்து உயிர்கள் ஏற்கெனவே உச்சியில், பாறையின் விளிம்பில் நிற்கின்றன. இன்னும் ஓர் அடி வைத்தால் கீழேதான்.

உறையும் குளிரில் எப்படி உயிர் வாழ்கின்றன?

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. பக்கத்தில் நல்லெண்ணெய் சாதாரணமாக ஊற்றும். இரண்டும் எண்ணெய்தான், ஆனால் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி, நல்லெண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு மிகுதி. செல்சவ்வும் கொழுப்பால் ஆனது. குளிரில் அது உறைந்து இறுகினால் செல் செத்துப்போகும். அதனால் குளிர்க்கடல் உயிர்கள் தம் சவ்வில் நிறைவுறாத கொழுப்பைக் கூட்டிக்கொள்கின்றன. மருந்துக்கடையில் மாத்திரையாக விற்கும் ஒமேகா-3 கொழுப்பின் ஊற்று இதுதான். மீன் அதைப் பெரும்பாலும் தானே செய்வதில்லை, மிதவையுயிரி வழியாக வாங்கிச் சேர்க்கிறது. கடல் இரண்டரை டிகிரி சூடானால் மிதவையுயிரிகளில் உண்டாகும் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு உலக அளவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறையக்கூடும் என்று 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது.

கொழுப்போடு முடியவில்லை. குளிரில் நொதிகள் மந்தமாவதால், புரதம் கட்டும் ரைபோசோம்களை எண்ணிக்கையில் கூட்டிச் சமாளிக்கின்றன. ஆள் மெதுவாக வேலை செய்தால் ஆள்களைக் கூட்டுவதுபோல. ரைபோசோமுக்குப் பாஸ்பரஸ் நிறையத் தேவை. எனவே குளிர்க்கடல் செல்லும் வெப்பக்கடல் செல்லும் உண்பவருக்கு ஒரே சாப்பாடு அல்ல. துருவப் பனிக்கட்டியின் உப்புநீர்க் குழாய்களுக்குள் ஃபிராஜிலாரியாப்சிஸ் என்ற டயட்டம் (கண்ணாடி ஓட்டு ஒருசெல் பாசி), பனிப்படிகத்தைப் பற்றிக்கொண்டு அது பெருகாமல் தடுக்கும் புரதத்தைச் சுரந்து, சுழிக்குக் கீழான வெப்பநிலையில் வளர்கிறது.

சூட்டில் வேகம் கூடும் என்றால், குளிர்ந்த கடல்களில் ஏன் மீன்வளம் அதிகம்?

காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துத் தீயைக் கூட்டினால் சோறு வேகாது. வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். வேக வைக்க அரிசி உண்டா என்பதைத் தீர்மானிப்பது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரும்பும். இவை ஆழத்தில் இருக்கின்றன. வெளிச்சமோ மேலே. சூடான நீர் லேசானது. அது மூடிபோல மேலே படுத்துக்கொண்டால் கீழே உள்ள சத்து மேலே வராது.

நம் இரு பக்கத்துக் கடல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்காள விரிகுடாவில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று ஆறுகள் கொட்டும் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. அதன்மேல் வெயில். ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரிக்கு மேல் இருக்கும் இந்த மூடியைப் பருவக்காற்றால்கூட எளிதில் கலக்க முடிவதில்லை. அரபிக் கடல் வேறு கதை. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளில் மேல்நீரை வெளியே தள்ள, கீழிருந்து குளிர்நீர் பொங்கி வருகிறது. ஆடி மாதத்தில் வெப்பமண்டலத்தின் நடுவே 20 டிகிரிக்கும் கீழான கடல்! செயற்கைக்கோள் படத்தில் அந்த நீர் பச்சையாகத் தெரியும். கன்னியாகுமரி முதல் கேரளக் கரை நெடுகவும் இதே மேலேற்றம் சிறிய அளவில் நடக்கிறது. மத்தி மீன் கூட்டங்கள் அதை நம்பி வாழ்கின்றன. சத்துள்ள இந்தக் குளிர்நீரில், நொதிகள் சற்று மந்தமாக ஓடினாலும், மொத்த விளைச்சல் பன்மடங்கு.

மேற்கு இந்தியப் பெருங்கடல் சூடாகி இந்த மூடி இறுகியதால் அறுபது ஆண்டுகளில் தாவர மிதவையுயிரிகள் 20 விழுக்காடு வரை குறைந்திருக்கலாம் என்று 2016இல் ராக்ஸி மேத்யூ கோலும் குழுவினரும் கணக்கிட்டார்கள். செலவை ஏற்றும் அதே சூடு வரவின் கதவையும் சாத்துகிறது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

ஒன்றிரண்டு டிகிரியில் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா? நடந்த கதை உண்டா?

உண்டு. அதில் நன்றாகப் பதிவானது வட அட்லாண்டிக்கின் கலானஸ் என்ற கோபிபாடின் கதை.

பதிவு செய்த கருவியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது எனக்குப் பிடித்த கருவி. ஆலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேயர் 1920களில் ஒரு பெட்டி செய்தார். சரக்குக் கப்பலின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்தால், நீர் அதன் வாய்வழியே புகுந்து ஒரு பட்டுத்துணி வழியாக வடியும். துணி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருண்டு ஃபார்மலினுக்குள் போகும். கப்பல் துறைமுகம் சேர்ந்ததும் துணியைப் பிரித்தால், வந்த வழி முழுக்க எந்த இடத்தில் எந்த உயிர் இருந்தது என்று வாசிக்கலாம். 1931 முதல் வட அட்லாண்டிக்கில் இது ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றும் பட்டுத்துணிதான்.

அந்தத் துணியில் இரண்டு கோபிபாடுகள் திரும்பத் திரும்ப வரும். குளிர்நீரை விரும்பும் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ், இளஞ்சூட்டை விரும்பும் கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ். பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வடகடலில் முன்பு முதலாவதே கோலோச்சியது. 1980களின் பிற்பாதிக்குப் பிறகு கடல் சூடாக, இரண்டாவதன் கை ஓங்கியது. 2002இல் கிரெகோரி போகிராண்டும் குழுவினரும் அளந்தபோது, வெப்பநீர்க் கோபிபாடுகள் நாற்பது ஆண்டுகளில் அட்சரேகையில் சுமார் 10 பாகை, அதாவது ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டி, வடக்கே நகர்ந்திருந்தன.

ஒரு கோபிபாடு போய் இன்னொரு கோபிபாடு வந்தால் என்ன? காட் மீன் குஞ்சுகளைக் கேட்க வேண்டும். அவை வசந்தத்தில் பொரிந்து இரை தேடும். ஃபின்மார்க்கிகஸ் பெருகுவது வசந்தத்தில். ஹெல்கோலாண்டிகஸ் பெருகுவது கோடை கழிந்து. பந்தி முடிந்தபின் சோறு வந்தால் யாருக்குப் பயன்? மிதமிஞ்சிய மீன்பிடிப்பால் ஏற்கெனவே நலிந்திருந்த வடகடல் காட் மீளாமல் போனதில் இதற்கும் பங்குண்டு என்று 2003இல் அவர்களே எழுதினார்கள்.

இன்னொன்று. ஃபின்மார்க்கிகஸ் குளிர்காலத்தைக் கழிக்கும் விதம் வரவு செலவுக் கணக்கின் உச்சம். அரிசிமணியைவிடச் சிறிய உடலில் பாதிக்கு மேல் மெழுகுக் கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டு, கோடை முடிந்ததும் 500 மீட்டருக்கும் கீழே குளிர் இருட்டுக்குள் இறங்கி, உண்ணாமல் மாதக்கணக்கில் உறங்கும். குதிரில் நெல் இருக்க, அடுப்பைச் சிம்மில் வைத்துக் காலம் தள்ளும் வீடு. அந்த ஆழத்து நீர் சூடானால் சிம் கொஞ்சம் தூக்கி எரியும், நெல் முன்னதாகத் தீர்ந்துவிடும், வசந்தம் வருமுன் விழித்து மேலே வர வேண்டியிருக்கும்.

திடீர் வெப்ப அலை வந்தால்?

2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் ஒரு பெரிய சூட்டுத் திட்டு நின்றது. செய்திகளில் "பிளாப்" என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் ஆரிகன் கரையில் கொழுப்பு நிறைந்த வடக்கத்திக் கோபிபாடுகள் மறைந்து, சிறிய, மெலிந்த தெற்கத்தி இனங்கள் வந்தன. எண்ணிக்கை பார்த்தால் இரை இருக்கிறது. தின்றால் வயிறு நிறையாது. அதை நம்பிய கேசின் ஆக்லெட் என்ற சிறு கடற்பறவைகள் 2014–15 குளிர்காலத்தில் பல்லாயிரக்கணக்கில் பட்டினியால் இறந்து கரை ஒதுங்கின. அலாஸ்கா வளைகுடாவில் காட் மீன்களுக்குச் சூட்டால் பசி கூடியது, இரையின் தரம் குறைந்தது. 2020இல் அங்கே கூட்டாட்சி அரசின் நீர்ப்பரப்பில் காட் மீன்பிடிப்பையே மூட வேண்டியதாயிற்று.

குளிர்ந்த இடம் தேடிப் போக முடியாதா?

மேலும் கீழும் போக முடியும், போகின்றன. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடி ஒலியலை அனுப்பியவர்களுக்குக் கடலின் நடுவே ஒரு "போலித் தரை" தெரிந்தது. பகலில் ஆழத்தில் கிடந்தது, இரவில் மேலே ஏறியது. தரை அல்ல, உயிர்க்கூட்டம். இரவில் மேலே வந்து உண்டு, பகலில் இருட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் கூட்டம். முதற்காரணம் மீனின் கண்ணுக்குத் தப்புவது. ஆனால் சூட்டில் உண்டு குளிரில் ஓய்வதால் செலவும் மிச்சமாகிறது என்பது பழைய வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பக்கவாட்டில் போவது தலைமுறை தலைமுறையாக நடக்கும் இடப்பெயர்ச்சி. தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் அண்டார்க்டிகக் கிரில்லின் செறிவு மையம் தொண்ணூறு ஆண்டுகளில் சுமார் 440 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்திருக்கிறது. அதற்கும் தெற்கே இருப்பது ஒரு கண்டம்.

சூட்டில் உருவம் சிறுத்துவிடுமா?

ஆம். ஒருசெல் உயிரிகளில் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லின் பருமன் சராசரியாக இரண்டரை விழுக்காடு குறைகிறது. சிறிய செல் மெதுவாக மூழ்கும். அதைப் பிடித்துத் தின்பவையும் சிறியவையாக இருக்கும். பெரிய மீனை எட்டுவதற்குள் கைமாறும் இடங்கள் கூடும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெரும்பகுதி தரகில் போய்விடும்.

ஆக்சிஜன் குறைவதும் இதனால்தானா?

இரண்டு வழியில். சூடான நீர் ஆக்சிஜனைக் குறைவாகவே பிடித்து வைக்கும்: கடல்நீர் 0 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11.5 மில்லிகிராம், 30 டிகிரியில் ஆறேகாலை ஒட்டி. அதே சூட்டில் எல்லா உயிருக்கும் மூச்சுத்தேவை கூடும். கடையில் சரக்குக் குறையும்போதே வாங்குவோர் வரிசை நீள்கிறது.

மன்னார் வளைகுடாவில் 2019 செப்டம்பரில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையே நாக்டிலூக்கா என்ற மிதவையுயிரி பெருகிக் கடல் பச்சையானது. அந்தக் கரையின் மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததும், ஊரே திரண்டு படம் பிடித்ததும் இதே உயிரினத்தால்தான். மண்டபத்தில் அது மடிந்து அழுக, ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. மீன்கள் செத்து மிதந்தன, பவளங்களும் மடிந்தன. இதைச் சூடு ஒன்றின் தலையில் கட்டிவிட முடியாது. சத்து வரத்து, காற்று அடங்கிய நாள்கள் எல்லாம் சேர வேண்டும். ஆனால் நாக்டிலூக்காவில் இரண்டு வகை உண்டு. சிவப்பு வகை 10 முதல் 25 டிகிரி நீரில் வாழும். உடலுக்குள்ளேயே பச்சைப் பாசியைக் குடிவைத்துக்கொள்ளும் பச்சை வகை 25 முதல் 30 வரை உள்ள நீரில் வாழும். நம் கடல் எதற்குத் தோதானது என்று சொல்லத் தேவையில்லை.

மூழ்கும் கார்பனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. செத்த செல்லும் எச்சமும் மெல்ல ஆழத்துக்கு விழுகின்றன. வழியில் பாக்டீரியா தின்கிறது. நீர் சூடாக இருந்தால் வேகமாகத் தின்று, கார்பனைக் கொஞ்ச ஆழத்திலேயே கரியமில வாயுவாக விட்டுவிடும். மேலிருந்து வந்தது சீக்கிரமே மேலே திரும்பிவிடும். குளிர்நீரில் அதிகம் தப்பி ஆழம் சேரும்.

தலைமுறைகள் வேகமாக மாறும் உயிர்கள் பழகிக்கொள்ளாதா?

ஓரளவு பழகிக்கொள்ளும். எமிலியானியா ஹக்ஸ்லி என்ற சுண்ணாம்பு ஓட்டுப் பாசியை ஜெர்மனியில் ஓராண்டு, ஏறக்குறைய 460 தலைமுறைகள், 26 டிகிரியைத் தாண்டிய நீரில் வளர்த்தார்கள். இறுதியில் பழகிய கூட்டம் பழகாததைவிட வேகமாக வளர்ந்தது. குளோரெல்லா என்ற நன்னீர்ப் பாசி சுமார் நூறு தலைமுறைகளில் பழகியது; எப்படி என்று பார்த்தால், ஒளிச்சேர்க்கையோடு ஒப்பிடுகையில் சுவாசத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. சிக்கனம்தான் அதன் வழி. ஆனால் நைட்ரஜனைக் குறைத்துக் கொடுத்து ஒரு டயட்டத்தைச் சோதித்தபோது, பழகும் திறன் அதற்குத் தடைப்பட்டது. ஆய்வகக் குடுவையில் சோறு தாராளம். மூடி இறுகிய கடலில் அது கிடைக்காது.

மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இந்த அறிவால் பயன் உண்டா?

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்தகவல் நிறுவனம் கரையோர மாநிலங்களுக்கு மீன்வள வாய்ப்பிடங்களை அறிவிக்கிறது. செயற்கைக்கோள் தரும் கடல்மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சைய அளவையும் பொருத்திப் பார்த்துத்தான் அதைச் சொல்கிறார்கள். சூடும் குளிரும் முட்டிக்கொள்ளும் எல்லையில் சத்து கலக்கும், பாசி பெருகும், மீன் கூடும்.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

1927இல் கார்டரும் கிரானும் என்ற நார்வேக்காரர்கள் செய்த முறை இன்றும் பாடம். ஒரே கடல்நீரை இரண்டு பாட்டிலில் அடைத்து, ஒன்றை வெளிச்சத்திலும் ஒன்றைக் கறுப்புத்துணி சுற்றியும் வைப்பது. வெளிச்சப் பாட்டிலில் வரவும் செலவும் சேர்ந்து நடக்கும், இருட்டில் செலவு மட்டும். ஆக்சிஜனை அளந்து கழித்தால் இரண்டும் தனித்தனியே கிடைத்துவிடும். ஆக்சிஜனை அளக்க 1888இல் விங்க்லர் கண்ட வேதிமுறை இருக்கிறது. 1952இல் டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு இன்னும் நுட்பமாக அளக்கும் வழியைக் கொண்டுவந்தார்.

கடல்நீர் வேண்டாம், பச்சைபிடித்த குளத்துநீரே போதும். ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடிப் பாட்டில்களைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி மூடுங்கள். இரண்டுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள். வெளிச்சம் ஒன்று, இருட்டு ஒன்று என ஒரு ஜோடியை மண்பானைத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தொட்டியிலும், மற்ற ஜோடியை வெதுவெதுப்பான நீர்த் தொட்டியிலும் மிதக்கவிட்டு, இரண்டு தொட்டிகளையும் ஒரே ஜன்னலோரம் வையுங்கள். தொட்டி நீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் ஆக்சிஜன் சோதனைப் பெட்டியால் தொடக்கத்திலும் ஐந்தாறு மணி நேரம் கழித்தும் அளந்தால், எந்த இருட்டுப் பாட்டில் அதிகம் இழந்தது என்று தெரியும். ஒன்றே ஒன்று: வெயிலில் நேராக வைத்துவிடாதீர்கள். நான் முதன்முதலில் படகில் வலை இழுத்துப் பிடித்த கோபிபாடுகளை ஒரு வாளியில் விட்டு, வாளியை வெயிலிலேயே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது துள்ளிக்கொண்டிருந்தவை எல்லாம் அடியில் வெள்ளை மணலாகப் படிந்திருந்தன.